சேர்ந்த தேதியில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைக்கு வரும் சம்பளம் குறையுமா என்ற கேள்வியைச் சுற்றியே அது எழுதப்பட்டிருந்தது. ஐ.டி. நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் திருவொற்றியூர், மணலி, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் பத்திருபது பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர்களிடையே இப்போது ஓடுகிற பேச்சு வேறு: தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த தேதியை மாற்றி எழுதித் தப்பிப்பது எப்படி என்பது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்களுடையது லேத், மில்லிங் வேலை. அப்பா தொடங்கிய பட்டறை. இன்று 22 பேர் வேலை செய்கிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று 29 பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பத்து நாள் கழித்து, எங்கள் வட்டாரத்தில் பலருக்குக் கணக்கு பார்க்கும் ஆலோசகர் ஒருவர் வந்தார். "இனிமேல் எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தே ஆகணும். கொடுத்திடுங்க. ஆனா சேர்ந்த தேதியை நவம்பர் 21ன்னே போட்டுடுங்க. பழசு எதுவும் பின்னாடி வராது" என்றார். அடுத்து, பட்டறையை என் பெயரில் பாதி, மனைவி பெயரில் பாதி என்று உடைக்கச் சொன்னார். மின்சாரத்தில் ஓடும் இடம் என்றால் முன்பு பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை. இப்போது இருபது பேர் வேண்டும். ஆளுக்குப் பதினொன்று என்று காட்டினால் தொழிற்சாலைக் கணக்கில் வராமல் தப்பித்துவிடலாமாம்.

இந்தத் தேதி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் டர்னர் ஒருவர் 2006 ஆகஸ்டில் அப்பாவிடம் சேர்ந்தவர். மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து விம்கோ நகரில் இறங்குவார். மாதச் சம்பளம் 26,000 ரூபாய். இதில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து 10,400தான் கணக்கில் காட்டியிருந்தோம். மீதியெல்லாம் வீட்டு வாடகைப் படி, பயணப் படி என்று போகும். வைப்பு நிதியும் (பி.எஃப்.), வேலையை விட்டுப் போகும்போது தரவேண்டிய பணிக்கொடையும் (கிராஜுட்டி) குறைவாக வரட்டும் என்று செய்த ஏற்பாடு அது. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான், நானும் மாற்றவில்லை. அது தவறு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். புதிய சட்டப்படி இந்தப் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சுகிற பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே அவருடைய ஊதியம் 13,000. மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்துப் பதினைந்து நாளுக்குப் போடும் அதே பழைய கணக்கில், ஆண்டுக்கு 7,500 ரூபாய் பணிக்கொடை. பத்தொன்பது ஆண்டுக்கு 1,42,500 ரூபாய். பழைய 10,400-க்குப் போட்டால் 1,14,000. சேர்ந்த தேதியை நவம்பர் 21 என்று எழுதிவிட்டால் என்ன வரும்? நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து ஆண்டு முடிந்தால்தான் பணிக்கொடை என்பதால், இன்றைக்கு ஒரு ரூபாயும் வராது. ஒரே ஒரு தேதி, ஒரு மனிதரின் பத்தொன்பது வருட உழைப்பை அழித்துவிடும்.

ஒரு வருடம் வேலை செய்தாலே எல்லாருக்கும் பணிக்கொடை உண்டு என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. அப்படி இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு எடுக்கப்படுகிறவர்களுக்குத்தான் அந்த ஒரு வருடக் கணக்கு. உங்கள் இதழ் இதைத் தெளிவாக எழுதினால் இரு தரப்புக்கும் நல்லது.

டிசம்பரில் 22 பேருக்கும் கடிதம் தமிழிலேயே அடித்துக் கொடுத்தேன். டர்னர் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் வரியைப் படிக்கவில்லை. விரலை வைத்துத் தேதி இருக்கும் இடத்தைத் தேடினார். "தம்பி, நான் வந்த வருசம் கரெக்டா போட்டுக்கிறியா?" என்று கேட்டார். 14.8.2006 என்று காட்டினேன். மடித்து, சாப்பாட்டுப் பையில் இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் எங்கள் பட்டறையிலிருந்து அவருக்குப் போன முதல் காகிதம் அது. மகள் கல்லூரிச் சேர்க்கைக்குக் கல்விக் கடன் கேட்டபோது, எங்கே வேலை செய்கிறீர்கள் என்று காட்ட ஒன்றும் இல்லாமல் வங்கியிலிருந்து திரும்பி வந்ததை அவர் அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார். மூன்று வருடமாக அவர் அதைச் சொல்லவே இல்லையே என்று நினைக்கும்போது இன்னும் மனசு ஆறவில்லை.

செலவு அதிகமாகாது என்று நான் சொல்லவில்லை. அவர் ஒருவருக்கே வைப்பு நிதியில் என் பங்கு 1,248-லிருந்து 1,560 ஆகியிருக்கிறது. அவர் பங்கும் அதே 312 ரூபாய் கூடியதால், கையில் வாங்குவது அவ்வளவு குறைந்தது. அதைப் பற்றி இரண்டு பேர் கோபமாகவே கேட்டார்கள். உட்கார்ந்து பேசிப் புரியவைத்தோம். நாற்பது வயது தாண்டிய ஒன்பது பேருக்கு வருடாந்திர மருத்துவப் பரிசோதனையும் இனி என் பொறுப்பு. இதெல்லாம் நான் ஏற்றுக்கொண்டவை.

ஆனால் அரசிடம் ஒன்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. ஒருவர் வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளுக்குள் அவருக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும் என்கிறது புதிய சட்டம். சரிதான், வேலையை விட்டவன் வீட்டில் அடுப்பு காத்திருக்காது. ஆனால் நாங்கள் செய்து கொடுத்த சரக்குக்குப் பெரிய நிறுவனங்கள் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. எனக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து 110 நாள் ஆகியும் பணம் வரவில்லை. அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். எங்களிடம் இரண்டு நாள் கணக்குக் கேட்கிற அரசு, அவர்களிடம் அந்த 45 நாளையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும்.

சக முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரே கூரை, ஒரே மின் இணைப்பு, ஒரே மேஸ்திரி என்று இருக்கும் பட்டறையைக் காகிதத்தில் இரண்டாக்குவது வழக்கில்தான் கொண்டுபோய் விடும். 1918-ல் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்கள் கூடிச் சங்கம் கண்ட ஊர் இது. இங்கே உழைக்கிறவர்களுக்குத் தங்கள் கணக்கு தெரியும். எல்லாருக்கும் கடிதம் கொடுங்கள், தமிழில் கொடுங்கள், அவர்கள் உண்மையில் வந்து சேர்ந்த தேதியைப் போட்டுக் கொடுங்கள். பழைய வருகைப் பதிவேடு தொலைந்திருந்தால் அவரையே கேளுங்கள். எங்கள் பட்டறையில் மூன்று பேருக்கு அப்படித்தான் கேட்டு எழுதினேன். மூவருமே மாதம் தவறாமல் சொன்னார்கள்.

இப்படிக்கு,
சிறு பட்டறை உரிமையாளர்,
திருவொற்றியூர், சென்னை.