பாப்பாவின் விஸ்காம் படிப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா விஸ்காம்தான் (விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது காட்சித் தொடர்பியல்) படிப்பேன் என்று நிற்கிறாள், உனக்குப் பயமாக இருக்கிறது. தாராளமாகச் சேர்த்துவிடு. பல வருஷமாக இதைச் சொல்லிக்கொடுப்பவன் என்ற உரிமையில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: அதில் வரும் ரேடியோ பாடத்தை அவள் அலட்சியமாக நினைக்கக் கூடாது.

வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் கேமராதான் கனவு. நான் முதலில் ரெக்கார்டரையும் ஹெட்போனையும் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுவேன். போன மாதம் ஒரு பெண் இட்லிக்கடை அம்மாவைப் பேட்டி எடுத்து வந்தாள். வகுப்பில் போட்டுக் கேட்டால், பேச்சை அமுக்கிக்கொண்டு ஃபேன் இரைகிறது. மறுநாள் போய் ஃபேனை நிறுத்தச் சொல்லி, வேர்த்து வடிய மறுபடி எடுத்தாள். மாவு ஊற்றுகிற சத்தம், பானை மூடியைத் திறந்ததும் சீறும் ஆவி, யாரும் பேசாத அரை நிமிஷம்கூட. வெட்டி ஒட்டின இடம் தெரியாமல் மறைக்க அந்த வெறும் சத்தம் வேண்டும். ரேடியோவில் 'இதோ பாருங்கள்' என்று கைகாட்ட முடியாதே! அப்படிப் பழகியவர்களிடம் கேமராவைக் கொடுத்தால் எந்த ஷாட் தேவை, எது வீண் என்று சட்டென்று தெரிகிறது. டிவி, யூடியூப், பாட்காஸ்ட் எதற்கும் இதுதான் அஸ்திவாரம். படம் சுமாராக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லை என்றால் அடுத்ததற்குத் தள்ளிவிடுவார்கள்.

இந்தியாவின் முதல் கேம்பஸ் சமுதாய வானொலி, அதாவது கல்லூரி வளாகத்திலிருந்து சுற்றுவட்டார ஜனங்களுக்காக நடத்தும் சின்ன ரேடியோ, நம் சென்னையில்தான் தொடங்கியது, தெரியுமா? அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம், 90.4 அலைவரிசை, 2004 பிப்ரவரி 1. வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், இப்படி வானொலி நடத்தக் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வர 2002 கடைசி ஆகிவிட்டது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இல்தான் கிடைத்தது. 100 வாட் சக்தி, சில கிலோமீட்டர் தூரம், அவ்வளவுதான் இந்த நிலையங்களின் எல்லை. ஆனால் அந்தச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களின் குரலை வேறு எந்த ஸ்டேஷன் ஒலிபரப்பும்? எனக்குத் தாங்காத விஷயம், இவற்றில் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல இன்னும் அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை வாங்கி மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். தெருவில் தண்ணீர் வராததை அந்தத் தெரு வானொலியே செய்தியாகச் சொல்ல முடியாதென்றால் என்ன நியாயம்?

வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். சர்டிஃபிகேட்டைப் பார்த்து இந்தத் துறையில் யாரும் எடுப்பதில்லை. செய்து வைத்ததைத்தான் போட்டுக் காட்டச் சொல்வார்கள். அதனால் கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதே. ஸ்டுடியோ சாவி யாரிடம் இருக்கிறது, முதல் வருஷப் பிள்ளைகளை உள்ளே விடுவார்களா என்று அங்கே படிக்கிறவர்களிடமே விசாரி. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற ஸ்டுடியோ நமக்கு வேண்டாம்.

ரிசல்ட் வந்ததும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. எங்கள் வீட்டில் தங்கி, இரண்டு மூன்று கல்லூரிகளை நேரில் பார்த்துவிடலாம். அதுவரை அவளுடைய போனிலேயே பாட்டியிடம் பழைய கதைகளைக் கேட்டுப் பதிவு செய்யச் சொல். அதை நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்