நூல் தேர்வுக் குழுவினருக்கு: உளவு நாவல்களுக்கும் இடம் தாருங்கள்

பொது நூலகங்களுக்கு நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். நாடுகளுக்கிடையிலான மோதல்களைக் களமாகக் கொண்ட குற்றப் புனைவுகளையும் உளவு நாவல்களையும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் வழக்கத்தைத் தாங்கள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். ஒரு போர் ஏன் மூண்டது, எந்த உடன்படிக்கையில் முடிந்தது என்பதை வரலாற்று நூல்கள் சொல்லிவிடும். அந்தப் போரின் பெயரால் ஒருவன் யாரைக் காட்டிக்கொடுத்தான், அதைத் தன் மனசாட்சிக்கு எப்படி நியாயப்படுத்தினான் என்பதைத் துருவிப் பார்ப்பவை இந்நாவல்களே.

கிரஹாம் கிரீனின் 'தி கொயட் அமெரிக்கன்' 1955இல் வெளிவந்தது. பிரெஞ்சு ஆட்சியின் இறுதிக்காலத்தில், வியட்நாமின் சைகோன் நகரில் ஓர் அமெரிக்க இளைஞன் கொலையுண்டு கிடப்பதில் தொடங்கும் இக்கதையில், விசாரிக்கும் காவல் அதிகாரிக்குக் கொலையாளி யார் என்பதே கேள்வி. நமக்கோ, நல்லெண்ணம் கொண்ட அந்த இளைஞன் எத்தனை உயிர்களைப் பலிகொடுக்கத் துணிந்தான் என்பது அதைவிடப் பெரிய கேள்வியாகிவிடுகிறது. அமெரிக்கத் தரைப்படைகள் வியட்நாமில் இறங்கியது 1965இல்தான் என்பதை நினைத்துக்கொண்டு வாசித்தால் நெஞ்சு பதைக்கும்.

ஜான் லெ காரே பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றியவர். பெர்லின் சுவர் எழுந்த இரண்டாண்டுகளில், 1963இல், அவர் வெளியிட்ட 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' நாவலில் சாகச நாயகன் எவருமில்லை. களைத்துப்போன ஓர் ஒற்றனும், அவனை நம்பிய ஒரு பெண்ணும், இருவரையும் காய்களாக நகர்த்தும் மேலதிகாரிகளும்தான் இருக்கிறார்கள். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால், தன் தரப்பு எதைச் செய்தாலும் சரியே என்று நம்பும் எவரும் அந்தக் கடைசிப் பக்கங்களைக் கலங்காமல் கடக்க முடியாது.

எரிக் ஆம்ப்ளரின் 'தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ்' (1939), பிலிப் கெர்ரின் 'மார்ச் வயலட்ஸ்' (1989) ஆகிய இரண்டையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். முன்னது, 1922ஆம் ஆண்டு ஸ்மிர்னா நகரின் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) அகதிக் கூட்டத்துக்கு நடுவே நிகழ்ந்த ஒரு கொலையின் தடத்தைப் பற்றிக்கொண்டு, குற்றத்துக்கும் பெருமுதலுக்கும் உள்ள உறவுவரை செல்கிறது. பின்னதில், 1936 ஒலிம்பிக்குக்காக நாஜி பெர்லின் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, காணாமற்போனவர்களைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட துப்பறிவாளன் வழியாக அந்நகரின் அச்சத்தை உணர்கிறோம்.

இவ்வகையில் வருபவை எல்லாம் இத்தரத்தவை அல்ல. ஓர் இனத்தையே வில்லனாக்கிப் பகை வளர்க்கும் நூல்களைத் தாங்கள் தாராளமாக நிராகரிக்கலாம். மேற்சொன்ன நான்கையாவது அடுத்த தேர்வுக் கூட்டத்தில் வாசித்துப் பார்த்து, போர் வரலாற்று நூல்களுக்கு அருகிலேயே வைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்