கரும்பலகையைக் கைவிட்டுவிடாதீர்கள்

கல்லூரிப் பாடங்களை வீடியோவாக இணையத்தில் வழங்கும் என்.பி.டி.இ.எல். தளத்துக்காகப் பாடம் நடத்தும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். மாவட்டக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியிராவிட்டால், என் மாணவர்களில் பலர் ஐஐடி வகுப்பு எப்படி இருக்கும் என்பதையே கண்டிருக்க மாட்டார்கள். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: சிலைடுகளை வாசித்துக் காட்டுவதை விட்டுவிட்டுச் சாக்பீஸைக் கையில் எடுங்கள்.

நிரூபணத்தின் பத்து வரிகளும் ஒரே நொடியில் திரையில் வந்து விழுந்தால், எந்த வரியிலிருந்து எது பிறந்தது என்று மாணவருக்குத் தெரிவதில்லை. பலகையில் எழுதினால் கை போகும் வேகத்தில்தான் கணிதமும் போகும். நோட்டில் எழுதிக்கொண்டே கூட வரலாம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித (லீனியர் அல்ஜீப்ரா) வகுப்புகள் 1999-இல் பதிவானவை. படத்தில் இன்றைய துல்லியம் கிடையாது. முதல் வகுப்பில் இரண்டு சமன்பாடுகளுக்கு இரண்டு நேர்கோடுகள் வரைகிறார். அவை (1, 2) என்ற புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. பள்ளியிலேயே பார்த்ததுதான். பிறகு அதே சமன்பாடுகளில் உள்ள எண்களை மேலிருந்து கீழாக நிரல்களாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு நிரலும் ஒரு வெக்டர், அதாவது ஓர் அம்பு. (2, −1) என்ற வெக்டரில் ஒன்று, (−1, 2) என்ற வெக்டரில் இரண்டு. ஒன்றின் நுனியிலிருந்து அடுத்தது. அம்புகள் (0, 3)-இல் போய் நிற்கின்றன. கோடுகள் சந்திக்கும் இடமாக இருந்த விடை, இப்போது எந்த வெக்டரில் எவ்வளவு எடுப்பது என்ற கணக்காகிவிடுகிறது. இதை வகுப்பில் போட்டுக் காட்டும்போது, சரியாக அந்த இடத்தில் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நம் சென்னை ஐஐடியில் வி. பாலகிருஷ்ணன் நடத்திய செவ்வியல் இயற்பியல், குவாண்டம் இயற்பியல் தொடர்களும் பலகையில் நடந்தவையே. நடுவே மாணவர்கள் கேள்வி கேட்கிறார்கள். அவர் நின்று பதில் சொல்கிறார். என் மாணவி கேட்கக் கூச்சப்படும் கேள்வியை அங்கே யாரோ கேட்டுவிடுகிறார். ஆளில்லாத ஸ்டுடியோவில் கேமராவைப் பார்த்துப் பேசினால் இதற்கு வழியே இல்லை.

செல்லின் படத்தையோ விண்மீன் மண்டலத்தின் புகைப்படத்தையோ காட்டச் சிலைடு வேண்டும், மறுக்கவில்லை. கணிதத்துக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் அது உதவாது.

அடுத்த பருவத்தில் ஒரு பாடத்தையாவது மாணவர்களை எதிரில் உட்காரவைத்துப் பலகையில் நடத்துங்கள். பின்வரிசையில் எழும் கேள்வியும் கேட்கும்படி அறையில் இன்னொரு மைக் வையுங்கள். அழிப்பதற்கு முன் பலகை முழுவதையும் கேமரா ஒருமுறை காட்டட்டும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்