அல்லியையும் சேர்த்து வாரலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குளம் தூர்வாரும் வேலையை மேற்பார்க்கிறவன் நான். ஆகாயத்தாமரையை அகற்றும்போது அல்லியும் கூடவே கரையேறிவிடுகிறது. முன்னது தென் அமெரிக்காவிலிருந்து வந்து வேர் தொங்க மிதப்பது. காம்பு பஞ்சுபோல் உப்பியிருக்கும். அல்லிக்குக் கிழங்கு சேற்றுக்குள். அதன் காம்பைக் குறுக்கே ஒடித்தால் குழாய் குழாயாக ஓட்டைகள் தெரியும். இலை வாங்கும் காற்று அவ்வழியே கிழங்குவரை இறங்குகிறது. வெள்ளல்லி இரவில் மலர்ந்து, மறுநாள் வெயில் ஏறியதும் கூம்பிவிடும். நண்பகலில் பார்வையிட வருபவர்கள் 'வெறும் இலைதானே' என்பது அதனால்தானோ என்னவோ! குளம் வற்றினாலும் சேற்றிலுள்ள கிழங்கு தாக்குப்பிடித்து மழைக்குத் துளிர்க்கும்; பொக்லைன் அள்ளினால் அதுவும் போச்சு. ஒப்பந்தத்தில் 'அல்லி நீங்கலாக' என்று ஒரு வரி சேர்த்தால் எங்களுக்கும் வேலை மிச்சம்.

– வாசகர் ஒருவர்