உப்பளமா, வருகைப் பதிவேடா?

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இந்த வாரம் பரவாயில்லை. நீ அனுப்பிய குறிப்பை இருவரும் இரண்டு முறை படித்தோம். விருது பெற்ற ஓவியர்கள் எட்டுப் பேரின் படைப்புகளை வதோதராவில் ஒரே கூடத்தில் வைக்கப் போகிறார்கள் என்பதும், அந்த எட்டுப் பேரில் நீயும் ஒருத்தி என்பதும், ஒவ்வொருவரும் தமக்கு உந்துதலாக இருந்தது எது என்று நூறு சொற்களுக்குள் எழுதித் தர வேண்டும் என்பதும் நன்றாகவே புரிந்தன. நீ எழுதியிருந்த அந்த நூறு சொற்கள்தாம் புரியவில்லை. ‘இருத்தலின் வெளி’, ‘காலத்தின் அடுக்குகள்’, ‘இன்மையின் இலக்கணம்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். 34 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதெல்லாம் எட்டாது என்று நீ சிரிக்கலாம். ஆனால் உன் ஓவியத்தைக் கைப்பேசியில் பார்த்தபோது எனக்கு ஏதோ ஒன்று பிடிபட்டிருந்தது. குறிப்பைப் படித்த பிறகு அதுவும் நழுவிப் போய்விட்டது.

உடனே தொலைபேசியில் சொல்லியிருப்பேன். பிள்ளைக்குப் பத்து நாள்தான் அவகாசம் இருக்கிறது, அதில் நீங்கள் வேறு குறை சொல்ல வேண்டுமா என்று அம்மா தடுத்துவிட்டாள். சரி, விருது வாங்கிய மற்றவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்துவிட்டே பேசுவோம் என்று, புதன்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போகும் பேருந்தில் ஏறி, ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினேன். ஆம், சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குத்தான். நீ கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில் என்னை அங்கே அழைத்துப் போக ஒருமுறை ஆசைப்பட்டாய். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடக்கிறது என்று சொல்லி நான் வர மறுத்தேன். திருப்புதல் தேர்வு நடந்தது உண்மைதான். ஆனால் வராததற்குக் காரணம் அது இல்லை என்பது உனக்கும் தெரியும்.

நீ அறிந்த இடத்தைப் பற்றி உனக்கே விவரிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் ஒரு கணக்கு வாத்தியார் பார்த்ததைச் சொல்கிறேன், கேள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தம் மாணவர்களையும் உடன் பணியாற்றியவர்களையும் சேர்த்துக்கொண்டு தொடங்கிய அந்தக் கிராமத்தில், 2009 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் வழிவந்தவர்களுடைய படைப்புகள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ஆளுக்கொரு கண்காட்சி வைக்காமல் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதால், ஒருவரைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போகும்போதுதான் இவர் எதைப் பார்த்தார், அவர் எதைப் பார்த்தார் என்ற வேறுபாடு கண்ணில் படுகிறது. உன் கண்காட்சியும் அப்படித்தானே இருக்கப் போகிறது.

பணிக்கரிடம்தான் அதிக நேரம் நின்றேன். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று 1963-ஆம் ஆண்டுவாக்கில் அவர் தொடங்கிய வரிசை. நீ இதைப் பற்றி முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறாய்; நான் காது கொடுக்கவில்லை. எண்கள் போலவும் எழுத்துகள் போலவும் இருக்கின்றன, சாதகக் கட்டம் போல ஒன்று, பாம்பு போல ஒன்று, மீன் போல ஒன்று. பழக்க தோஷத்தால் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போய், எந்த வரியில் தப்பு நேர்ந்திருக்கிறது என்று தேடத் தொடங்கிவிட்டேன். கால்மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, அங்கே கணக்கும் இல்லை, விடையும் இல்லை. அந்த எழுத்துகளை யாராலும் வாசிக்க முடியாது. வாசிக்க முடியக் கூடாது என்றே எழுதியிருக்கிறார். ஆனாலும் ஏதோ ஒரு கணக்கர் வாழ்நாள் முழுவதும் எழுதி வைத்துவிட்டுப் போன ஏட்டைத் திறந்து பார்ப்பது போலவே இருந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து, “ஐயா, ஏதாவது புரிகிறதா?” என்று கேட்டான். “புரியவில்லை தம்பி, ஆனால் சரியாக இருக்கிறது” என்றேன். அவனுக்கு அது எப்படி இருந்ததோ தெரியாது, எனக்குச் சொல்லிவிட்ட பிறகு கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இந்த வரிசைக்குத் தொடக்கம் ஒரு மாணவரின் குறிப்பேட்டுப் பக்கம் என்கிறார்கள். எண்களும் எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் அந்தப் பக்கத்தில் சேர்ந்து கிடந்த விதம் அவரை நிறுத்தியிருக்கிறது. என் வாழ்நாளில் அப்படிப்பட்ட பக்கங்களை எத்தனை ஆயிரம் திருத்தியிருப்பேன் என்று நினைத்துப் பார். ஒரு பக்கத்திலாவது விடையைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. அதற்காக, குறிப்பேட்டைப் பார்த்த அன்றே ஓவியம் வந்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு முன் அவர் கேரளத்து ஆறுகளையும் தோப்புகளையும் நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார், வான்கோவின் பாதிப்பில் இருந்திருக்கிறார், 1954-இல் ஐரோப்பாவுக்குப் போய்க் காட்சி வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவருடைய கண்ணில்தான் அந்தப் பக்கம் பட்டது. தந்தித் துறை வேலையெல்லாம் பார்த்துவிட்டு, 25 வயதில்தான் அவர் ஓவியப் பள்ளியிலேயே சேர்ந்திருக்கிறார். நீ 19 வயதில் பொறியியலை விட்டுவிட்டு வந்தபோது, காலம் கடந்து போயிற்று என்று நான் கத்தியது நினைவுக்கு வந்தது.

பி.வி. ஜானகிராமின் செப்புத் தகடுகளுக்கு முன்னால் அம்மா இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. தகட்டைத் தட்டித் தட்டிப் புடைக்க வைத்து, கம்பிகளைப் பற்றவைத்துக் கண்ணாகவும் மூக்காகவும் நகையாகவும் ஆக்கியிருக்கிறார். சிலை என்றால் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இவற்றை முன்னால் நின்று பார்த்தால் போதும். கோயிலில் மூலவருக்குச் சாத்துகிற கவசத்திலிருந்து எடுத்தது அது. கவசம் சாத்தும் நாளில் கூட்டத்தில் முண்டியடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருகிறோமே தவிர, கவசத்துக்குள் சாமி இல்லாவிட்டாலும் கவசமே ஒரு முகம் என்று நமக்குத் தோன்றியதில்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது. தேசிய விருதும் வாங்கியிருக்கிறார்.

ஜே. சுல்தான் அலியின் காளைகளையும் நாகங்களையும் சீக்கிரமாகவே கடந்துவிட்டேன். பஸ்தர் பழங்குடியினரின் கலை அவருக்கு உந்துதல் என்று அறிந்தேன். எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லாததால் மனம் ஒட்டவில்லை. ஆதிமூலம் எனக்கு அயலார் அல்லர். கி. ராஜநாராயணன் வார இதழில் கரிசல் காட்டைப் பற்றித் தொடராக எழுதியபோது அதற்குக் கோடு போட்டவர் அவர். அந்தப் பக்கங்களை உன் தாத்தா கிழித்துத் தைத்து வைத்திருந்தார். காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தவரும் அவரே. துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூர்க்காரர். முகத்தின் பாதியைக் கோட்டால் நிரப்பிவிட்டு மீதியை வெள்ளையாகவே விட்டுவிடும் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்டிருந்தால், தாள் மிச்சம் பிடித்திருக்கிறார் என்று சொல்லியிருப்பேன்.

நந்தகோபாலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் பணிக்கரின் மகன். லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தவர். படித்து முடித்துவிட்டுச் சிற்பத்துக்கு வந்தார். செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து ஆளுயரத்துக்கும் மேலாக நிற்க வைத்திருக்கிறார். கிராமத்துத் தெய்வங்கள் ஊர்வலத்துக்குப் புறப்பட்டு, பாதி வழியில் நின்றுவிட்டவை போல இருக்கின்றன. 1978-இல் தில்லியில் நடந்த பன்னாட்டு மூன்றாண்டுக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றிருக்கிறார். இயற்பியல் படித்த மகன் உலோகத்தைக் கையில் எடுத்தபோது அந்தத் தந்தை என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். ஆறு மாதம் பேசாமல் இருந்திருக்க மாட்டார். நான் இருந்தேன். அப்போது உன்னோடு பேசாமலிருந்தது தவறு என்பதை உனக்கு எழுத்தில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு மூன்று ஆண்டுகளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், இன்று எழுதிவிட்டேன்.

பசிக்கு என்ன செய்வாய் என்பதுதான் அன்றைக்கு என் கேள்வி. அதற்குமே அந்தக் கிராமத்தில் விடை இருந்திருக்கிறது. ஓவியத்தை விற்று ஓவியன் பிழைக்க முடியாத காலத்தில், துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பத்திக் வேலையையும் மற்ற கைவினைகளையும் செய்து விற்று, அந்தப் பணத்தில்தான் கடலோரத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறார்கள். துணி சோறு போட்டதால், விற்பதற்கென்று ஓவியத்தை வளைக்க வேண்டியிருக்கவில்லை. நீ பகலில் பாடநூல்களுக்குப் படம் போட்டுவிட்டு இரவில் உன் வேலையைச் செய்வதைப் பற்றி இனி நான் வாய் திறக்க மாட்டேன்.

கடைசியாக கே. ராமானுஜம். பொடிப் பொடியான கோடுகளில் கோபுரங்கள், வளைவுகள், இறக்கை வைத்தவை, பாம்புகள், அவற்றுக்கு நடுவில் தொப்பி வைத்த ஒரு மனிதர். அந்த மனிதர் அவரேதான். சிறு வயதில் நாம் படித்த அம்புலிமாமாக் கதைகளுக்குள் ஒருவர் குடிபோய்விட்டது போல இருந்தது. பேசுவதற்கே சிரமப்பட்டவராம். 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டார். அவரைப் போன்ற ஒரு பையன் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்திருக்கிறான். நான் அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் ‘மந்தம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்.

இனி உன் ஓவியம். ஆறடி நீளத் தாள், அதில் மெல்லிய மைக்கோட்டில் ஆயிரக்கணக்கான கட்டங்கள், கட்டத்துக்குள் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு சாய்கோடுகள்; சில கட்டங்களில் ஒரே ஒரு கோடு; சிலவற்றில் சிவப்பாக ஏதோ ஒன்று. நடுவில் ஒரு வரிசை மட்டும் முழுக்க வெள்ளை. படத்தைப் பார்த்ததும் அம்மா, “இது நம்மூர் உப்பளம். பேருந்து சன்னலிலிருந்து பார்த்தால் பாத்தி பாத்தியாக இப்படித்தான் தெரியும், வெள்ளையாக இருக்கிறதே, அது உப்பு” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது வருகைப் பதிவேடு. காலையில் ஒரு கோடு, மதியம் அதை வெட்டி இன்னொரு கோடு. காலையில் வந்துவிட்டு மதியம் காணாமல் போனவனுக்கு ஒரே கோடு. வராதவனுக்குச் சிவப்பு மை. மாதக் கடைசியில் நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூட்டல் போடும்போது நீ என் முழங்கையில் சாய்ந்துகொண்டு, கட்டம் கட்டமாக விரல் வைத்து எண்ணுவாய். உனக்கு அப்போது ஏழு வயது இருக்கலாம். ஒருமுறை, 27-ஆம் எண் ஏன் ஒன்றுமே இல்லாமல் இருக்கிறது என்று கேட்டாய். அவன் அப்பாவோடு உப்பு வாரப் போய்விட்டான், இனி வர மாட்டான் என்று சொல்லிவிட்டு, நான் அடுத்த வரிசையைக் கூட்டத் தொடங்கினேன். பெயரை அடிக்கும் வரை அந்த வரிசை வெள்ளையாகவே கிடந்தது.

நான் சொல்வதுதான் சரி என்று சாதிக்க வரவில்லை. நீ இதையெல்லாம் மறந்தே போயிருக்கலாம், வேறு எதையோ மனத்தில் வைத்து வரைந்திருக்கலாம். உப்பளமா பதிவேடா என்று நானும் அம்மாவும் மூன்று நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நீ. உன் நூறு சொற்களில் அந்த ‘இன்மையின் இலக்கணம்’ வருகிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, உன் கண் எந்தப் பொருளின் மேல் முதலில் நின்றதோ அந்தப் பொருளின் பெயரை எழுதிவிடு. நூறு சொற்கள் கூட வேண்டியிருக்காது.

பதிவேடு பள்ளியின் சொத்து. ஓய்வு பெற்ற அன்றே ஒப்படைத்துவிட்டேன், என்னிடம் ஒன்றுகூட இல்லை. அதனால் நேற்று இரவு அளவுகோலை வைத்து நினைவிலிருந்து ஒரு பக்கம் கோடு போட்டேன். 31 கட்டங்கள் குறுக்கே, 42 பெயர்கள் கீழே. பெயர்களை எழுதவில்லை, எண்கள் மட்டும். பழைய கை இன்னும் அப்படியே இருக்கிறது, கோடுகள் சாயாமல் விழுந்தன. இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். மடிப்பு 27-ஆம் வரிசையின் மேல் விழாதபடி பார்த்துக்கொண்டேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், கிடைத்ததும் சொல்.

கண்காட்சிக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். முன்பதிவு செய்யத் தேதியை எழுது.

அன்புடன்,
அப்பா