செயலாளர் ஆண்டறிக்கை 2023-24 (மாட்டுங்கா, மும்பை)

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நவராத்திரி, பொங்கல் வழக்கம்போல் நடந்தன. சுற்றுலா மழையால் நின்றது.

இவ்வாண்டின் முக்கிய நிகழ்ச்சி பழைய தபால் கார்டுகளின் கண்காட்சி. "குப்பையைக் காட்டவா ஹால் வாடகை?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1879 ஜூலையில் கால் அணா விலையில் வந்தது கார்டு. சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பு அறைகளில் இருந்த நம் பெரியவர்களுக்கு ஊர்ச் சேதி பாதி அதில்தான் வந்தது. உறை கிடையாது, தபால்காரர் முதல் பக்கத்து அறைக்காரர் வரை படிக்கலாம். அதனால்தான் பணக்கஷ்டத்தை 'தாங்கள் அறிந்ததே' என்று முடித்திருக்கிறார்கள். மேலே பிள்ளையார் சுழி, பிறகு க்ஷேமம். இடம் தீர்ந்தால் ஓரத்தில் குறுக்கே நுணுக்கி எழுத்து. மாமனார் எழுதிய கார்டில் மாமியாருக்குக் கிடைத்தது அந்த ஓரம்தான்!

தேதி அழிந்தவற்றை முகவரி பார்த்துப் பிரித்தேன். நம் மாட்டுங்கா பின்கோடு '400019' இருந்தால் 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தியது. வெறும் 'பம்பாய்-19' பெரும்பாலும் அதற்கு முந்தியது.

கறுப்பு மை தடவிய சாவுச் சேதிக் கார்டு ஒன்றும் வந்தது. வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவார்கள். இந்த வீட்டில் மனம் வரவில்லை போலும். மஞ்சள் தடவிய கல்யாணக் கார்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தது என் தவறு, வேறு மேசைக்கு மாற்றினேன். சிலர் எடுத்தே விடச் சொன்னதற்கு நான் உடன்படவில்லை. கொடுத்த அம்மாள் அன்று மாலை முழுவதும் அந்த மேசையருகில்தான் உட்கார்ந்திருந்தார். செயற்குழுவினர் 11 பேரில் அதைப் பார்க்க வந்தவர்கள் 4 பேர்.

சந்தா. வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுகிறது, பணம் விழவில்லை. ஆகவே நிலுவைக்காரர்களுக்கு 50 காசு கார்டில் கைப்பட எழுதினேன். சிலர் கட்டினார்கள். ஒருவர், "வாட்ச்மேன் வரை படித்துவிட்டானே!" என்று கோபித்தார். கார்டின் குணத்தை மேலேயே சொல்லியிருக்கிறேன்.

வரவு செலவு பொருளாளரிடம் உள்ளது. கண்ணாடிச் சட்டங்களுக்குச் சற்றுக் கூடுதலாயிற்று, மற்றபடி திருப்திகரம். ஹால் தந்தவர்களுக்கும் காபி போட்டவர்களுக்கும் நன்றி.

கார்டுகள் இப்போது என் வீட்டு டிரங்குப் பெட்டியில். ஜூன் பிறந்தால் இந்த ஊரில் சுவரே வியர்க்கும், பழைய மை தாங்காது. சங்கத்துக்கு ஒரு பீரோ வாங்கலாமென்று யாரேனும் சொன்னால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். இரவல் தந்தவர்கள் ஞாயிறு காலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். ரசீதுப் புத்தகமும் வீட்டில்தான் இருக்கிறது.

செயலாளர்