பொது மன்னிப்பு என்றால் ஊருக்கு அனுப்புவது மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாளில்லாமல் தங்கிவிட்ட வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சட்டப்படி இருக்க அனுமதி தரலாமா என்ற விவாதம் எப்போதும் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றியே நடக்கிறது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கேட்டால் வளைகுடாதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே தாளில்லாமல் தங்கிவிட்டவரைக் குறிக்கும் 'கல்லிவல்லி' என்ற சொல்லை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கல்லிவல்லி ஆனவர்கள் பலர் ஒளிந்து போனவர்கள் அல்லர். திருச்சியில் முறையாக விமானம் ஏறியவர்கள். குவைத்தையே பாருங்கள். வீட்டு வேலைக்கு 20ஆம் எண் காதிம் விசா. கம்பெனி வேலைக்கு 18ஆம் எண் சூன் விசா. காதிம் விசாவையே 'ப்ரீ விசா, எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்' என்று ஏஜென்ட் விற்கிறார். ஹோட்டலில் தோசைக்கல் முன் நின்ற முதல் நாளே அது விதிமீறல். கையில் பத்தாக்கா (குவைத் அடையாள அட்டை) செல்லுபடியாக இருந்தாலும்தான். இக்காமா (தங்கும் அனுமதி) புதுப்பிக்கக் கபில் (விசா கொடுத்த முதலாளி) கேட்கிற பணத்தைக் கட்ட முடியாமல் போனால், 'ஆள் ஓடிவிட்டான்' என்று அவர் தரும் ஒரு புகார் போதும், கல்லிவல்லி ஆகிவிடுவான். பாஸ்போர்ட்டும் பெரும்பாலும் அவரிடமே கிடக்கும்.

2024 மார்ச் 17 முதல் ஜூன் இறுதிவரை குவைத் மன்னிப்புக் காலம் அறிவித்தது. அபராதமின்றி ஊருக்குப் போகலாம், அல்லது அபராதம் கட்டி இருப்பைச் சரிசெய்துகொள்ளலாம். அபராத உச்சவரம்பு 600 தினார். ஆனால் இக்காமாவுக்கு மறுபடி ஒரு கபில் கையெழுத்து வேண்டுமே, அதற்கு எங்கே போவது? அந்த ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை காதிமிலிருந்து சூனுக்கு மாறவும் கதவு திறந்தது. அதற்குப் பழைய கபிலின் சம்மதமும் அவரிடம் ஓராண்டு வேலையும் தேவை. ஓடிவந்தவனுக்கு இரண்டுமே இல்லை. மன்னிப்பையும் விசா மாற்றத்தையும் ஒன்றாகத் திறந்து, புது முதலாளி கையெழுத்தே போதும் என்றிருந்தால் பலர் கரையேறியிருப்பார்கள்.

ஐக்கிய அரபு அமீரகம் இதில் மேல். 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை, வேலை கொடுக்க ஒருவர் இருந்தால் அங்கேயே விசா மாற்றிக்கொள்ளலாம்; ஊர் திரும்பினாலும் மறுநுழைவுத் தடை இல்லை. நாளுக்கு 50 திர்ஹம் என்று ஏறிக்கொண்டே போன அபராதமும் தள்ளுபடி.

அவுட்பாஸ் (ஊர் திரும்புவதற்கான தாள்) வாங்கிக் கிளம்பிவிட வேண்டியதுதானே என்பவர்கள் வட்டிக் கணக்கைப் பார்ப்பதில்லை. நிலத்தையோ நகையையோ வைத்துப் போனவன் வெறுங்கையோடு மன்னார்குடியில் இறங்க மாட்டான். மன்னிப்புக் காலம் முடிந்த பிறகும் அறைக்குள்ளேயே பதுங்கிக் கிடப்பான். மன்னிப்பு அடிக்கடி வந்தால் 'போ, அடுத்த மன்னிப்பில் சரியாகிவிடும்' என்று ஏஜென்ட்கள் ஆள் பிடிப்பார்கள் என்ற வாதத்தில் உண்மை உண்டு. இப்போதே அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தக் குற்றத்துக்கு ஏஜென்டைப் பிடிக்க வேண்டும், சமையல்காரனை அல்ல.

மலேசியா கதை வேறு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்றானதும், 'போனதும் பெர்மிட் போட்டுத் தருகிறேன்' என்பவர்களுக்குக் கொண்டாட்டம். சுற்றுலா அனுமதியை அங்கே வேலை பெர்மிட்டாக மாற்ற முடியாது. 31ஆம் நாள் அவன் கல்லிவல்லி. பத்தாம் வகுப்பு முடிக்காதவருக்கு இ.சி.ஆர். (வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்; மலேசியாவும் வளைகுடாவும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியே அனுமதி வேண்டும். சுற்றுலாப் பயணி என்று சொல்லித்தான் அதைத் தாண்டுகிறார்கள். இப்படிப் போனவருக்கு, அந்த அனுமதியோடு போகிறவருக்குள்ள 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடையாது. அதன் பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான்.

தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை திருவாரூர், நாகை, தஞ்சை ஆட்சியர் அலுவலகங்களில் வாரம் ஒரு நாள் உட்கார்ந்து, கொண்டுவரும் விசா தாளை வாசித்துச் சொன்னால் போதும். 18ஆ 20ஆ, ஏஜென்டின் பதிவு எண் இ-மைக்ரேட்டில் இருக்கிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு மேல் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், தரமாட்டார்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
கூத்தாநல்லூர்